மீனைப் பற்றி மட்டும் கேட்டவர்கள்

சிவபாதத்தின் வலது தோள்மூட்டு ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னமே எழும்பிவிடும். உள்ளுக்குள் துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் ஒன்று திறக்கிற மாதிரி ஒரு கிறீச்சல் கிறீச்சும். பிறகுதான் ஆள் கண் முழிப்பார். வாழ்நாள் முழுக்கக் கரைவலைக் கயிறு இழுத்த தோள் அது. இப்போது இழுக்கிறது டிராக்டர். கயிற்றை உருளையில் சுற்றிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, பத்துப் பேர் மூச்சு வாங்கச் செய்த வேலையை அது ஒன்றே செய்துவிடுகிறது. ஆனால் தோளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது தன்பாட்டில் வலித்துக்கொண்டிருந்தது.

அந்த வருசம் தோளோடு சேர்ந்து மானமும் வலித்தது. திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கரையில் சிவபாதம் மண்டாடி. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, வலையை எங்கே விடுகிறது, எப்போது விடுகிறது என்று சொல்லுகிற ஆளைத்தான் மண்டாடி என்பார்கள். அவர் கை காட்டினால் தோணி போகும், வலை அரைவட்டமாய் விழும், இரண்டு பக்கத்துக் கயிறும் கரையேறும், கடைசியில் மடி வரும். மடி என்றால் வலையின் வயிறு. அந்தச் சோளகக் காற்றுக் காலம் தொடங்கினதிலிருந்து அந்த வயிறு முழுப் பட்டினி. தொட்டால் சொறிகிற ஜெலி மாதிரிச் சொறிமுட்டை வந்தது, ஷாம்பூப் பைக்கற்று வந்தது, ஒருநாள் நிலாவெளிப் பக்கம் நீந்த வந்த யாரோ வெள்ளைக்காரன் தொலைத்த தண்ணிக் கண்ணாடியும் வந்தது. வலைக்காரரில் வாய் கூடின தம்பிராசா அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"மண்டாடி, இதை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. மீன் தெரியுதோ எண்டு."

கரை முழுக்கச் சிரித்தது. சிவபாதமும் சிரித்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. மண்டாடியை மாற்றவேணும் என்று ஒரு கதை ஓடத் தொடங்கியிருந்ததும் அவருக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் ஒருநாள் காலமை, குசினிக்குள் அடுப்படியில் அவர் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, மகன் நிலக்சன் வந்து பக்கத்தில் குந்தினான். இருபது வயது. வலை இழுபடும்போது மடிக்குப் பின்னால் நீந்தி வந்து, அது கல்லில் மாட்டாமல் தூக்கிவிடுகிறது அவனுடைய வேலை. கண் இரண்டும் உப்புத் தண்ணியில் ஊறின மாதிரிச் சிவந்திருந்தன.

"அப்பா, எனக்கு நித்திரை வருகுதில்லை. ஆரோ கதைச்சுக்கொண்டே இருக்கினம். ஆளைக் காணேல்ல, சத்தம் மட்டும்தான். என்னை ஆரிட்டையாவது கொண்டுபோய்க் காட்டுங்கோ."

"என்னடா கதைக்கினம்?"

"எல்லாம் சொல்லுவினம். இப்ப, பாறைக்கு வடக்க கும்பிளா நிக்குதாம்."

பெடியன் சொன்னதில் முன்பாதி சிவபாதத்தின் காதில் விழவில்லை. கும்பிளா மீன் மட்டும் விழுந்தது. எண்ணெய்க் கையோடு எழும்பி ஓடினார்.

பாறைக்கு வடக்கே ஆலாப் பறவைகள் தலைகீழாய் விழுந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. ஆலா அப்படி விழுந்தால் கீழே மீன் நிற்கிறது என்று கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். சிவபாதமும் அதைக் கண்டவர்தான். ஆனால் அன்றைக்கு அவருடைய கண் கண்டது கணக்கில் வரவில்லை, மகனின் காது கேட்டதுதான் கணக்கில் வந்தது. "வடக்க விடடா!" என்று கத்தினார்.

மடி கரைக்கு வரமுதலே கடல் கொதித்தது. டிராக்டர் ஓட்டுகிற ரஜீவன் இருக்கையிலிருந்து எழும்பி நின்று, "அய்யோ பாரம், அய்யோ பாரம்!" என்று சந்தோசத்தில் அலறினான். கும்பிளா, ஒரே கும்பிளா. மடியைப் பிரித்துவிட மணலெல்லாம் வெள்ளியாய்த் துள்ளியது. நாய்கள் எதைக் கவ்வுகிறது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடின. மீன் எடுக்கிற முத்தலிப் லொறியைக் கொண்டுவந்து, ஐஸ் போதாமல், கையில் போனை வைத்துக்கொண்டு ஐஸ்காரனைத் திட்டினார். பெண்கள் குடத்தைக் கொட்டிவிட்டுக் குடத்துக்குள் மீன் கொண்டுபோனார்கள். தம்பிராசா தண்ணிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீனுக்கு மேல் குப்புற விழுந்து நீந்திக் காட்டினார்.

"எப்பிடி மண்டாடி கண்டுபிடிச்சனீங்கள்?"

"நான் இல்ல. மகன்" என்றார் சிவபாதம். "அவனுக்குச் சத்தம் கேக்குது."

சொல்லி முடிய ரஜீவன் அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். அதோடு முடிந்தது. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று அதற்குப் பிறகு ஒருவரும் யோசிக்கவில்லை. முத்துமாரியம்மனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊரில் அதை யோசிக்க என்ன கிடக்கிறது?

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதுதான் சிவபாதம் ஒன்றைக் கவனித்தார். தோள் வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் திருவிழாதான். கடற்கரையில் நிலக்சனுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. வெயில் படக்கூடாதென்று கதிரைக்கு மேல் முத்தலிப் தன் லொறியில் கிடந்த பெரிய குடையை நட்டுவிட்டார். மடிக்குப் பின்னால் நீந்துகிற வேலைக்கு வேறு ஆள் பிடித்தார்கள். தெய்வம் குடியிருக்கிற உடம்பைத் தண்ணியில் நனைக்கலாமா? பெடியன் கதிரையில் இருந்து, தனக்குத்தானே சிரித்து, தனக்குத்தானே மறுமொழி சொல்லி, இடைக்கிடை காதைப் பொத்துவான். "பேசுது, பேசுது" என்று ரஜீவன் எல்லாரையும் அடக்குவான். பிறகு சிவபாதம் குனிந்து காதோடு கேட்பார்:

"மோனே, எங்கையாம்?"

அவன் ஏதாவதொரு பக்கம் கையைக் காட்டுவான். வலை போகும்.

மீன் பட்ட நாளில் அது அவன் சொன்னது. படாத நாளில், "கொஞ்சம் பிந்தி விட்டிட்டம்", அல்லது, "ஆரோ துடக்கோட வலையைத் தொட்டிட்டினம்". படாத நாள்கள்தான் கூடுதல் என்று கணக்குப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கும்பிளா வந்ததிலிருந்து கரை முழுக்க, எல்லா வலைக்கும் இடைக்கிடை மீன் பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதையும் ஒருவரும் பார்க்கவில்லை.

குச்சவெளியிலிருந்து பஸ் பிடித்து ஆக்கள் வந்தார்கள். ஒருத்திக்குக் காணாமல் போன சங்கிலி எங்கே என்று தெரியவேணும். ஒருவருக்கு லொத்தர் இலக்கம் வேணும். நிலக்சன் அவர்களைப் பார்த்து, "உங்களுக்கும் கேக்குதோ?" என்று கேட்டான். பெரிய ஆவலோடுதான் கேட்டான், தனக்கு ஒரு துணை கிடைத்துவிடும் என்ற மாதிரி. அவர்கள் பயபக்தியோடு, "எங்களுக்கெங்க ராசா அந்தக் குடுப்பினை" என்றார்கள். பெடியனின் முகம் விழுந்துபோனது. அதைச் சிவபாதம் கண்டார். கண்டதும், முகம் விழுந்தது அலுப்பில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவனுக்கு ஒரு செவ்விளநீர் வெட்டச் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. சத்தம் நின்றுவிட்டால்? ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் வாசலில் நின்று, பூரணத்துக்கும் சொல்லாமல் ஒரு நேர்த்தி வைத்தார்: "அம்மாளே, இந்தச் சத்தம் அவனை விட்டுப் போகாமல் பாத்துக்கொள். வெள்ளியில ஒரு கும்பிளா செய்து உன்ர காலில வைக்கிறன்."

அவருடைய மனைவி பூரணம் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்த சோறு வைத்தபடி கிடந்தது. பெடியன் சோற்றுக்கு விடுகிற ஆணம் இருக்கிற சட்டியை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். காதுக்குள் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் துவாயைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை இளைச்சுப்போனான். பெரியாஸ்பத்திரியில மனவருத்தத்துக்குப் பாக்கிற டொக்டர் இருக்காவாம். ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுவமே?"

"விசரோ உமக்கு?"

"எனக்கில்லை..." என்று சொல்ல வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பைத்தியம் என்கிற அந்தச் சொல்லை மகனுக்குப் பக்கத்தில் வைக்க அவளுக்கே கை கூசியது. அதோடு இன்னொன்றும் கிடந்தது. மூத்தவள் லோஜனாவுக்கு வெருகலிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வயல்கார ஆக்கள், நல்ல பெடியன். தம்பி அந்த டொக்டரிட்டப் போறானாம் என்று ஒரு காற்று வெருகல் ஆற்றைத் தாண்டினால் போதும். "சரி, அவளின்ர காரியம் முடியட்டும்" என்றாள் பூரணம். அப்படிச் சொன்ன நேரம் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதலாய்த்தான் இருந்தது.

வெருகல் ஆக்கள் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. லோஜனா தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்கிறாள், அவளை அவர் பார்க்கவேயில்லை. அவருடைய கண் மூலையில் இருந்த நிலக்சனில்.

"தம்பி, இந்தப் போகம் எங்கட பக்கம் மழை எப்பிடி?"

நிலக்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உங்கட சட்டைப் பொத்தான் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கு. முதல்ல அதைக் கழட்டுங்கோ."

பூரணம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மனுசன் எழும்பினார். எழும்பி, சட்டையைக் கழற்றி, நாலாய் மடித்து, கொண்டுபோய் முற்றத்து வேலியில் போட்டுவிட்டு வந்து, வெறும் மேலோடு கைகட்டி இருந்தார்.

"இப்ப சொல்லுங்கோ தம்பி."

மாப்பிள்ளை தலையைக் குனிந்து சிரிப்பை விழுங்கினான். லோஜனாவும் தேத்தண்ணித் தட்டு நடுங்க உள்ளே ஓடிவிட்டாள். சிரிக்கத்தான் ஓடினாள், உள்ளே போனதும் அது அழுகையாய் வந்தது. அவளுக்குத் தெரியும் தம்பி பகிடி விடவில்லை என்று. ஆனால் சம்பந்தம் பொருந்தியது. சாமியாடுகிற குடும்பத்தில் பெண் எடுக்க வெருகலாருக்கு இரட்டைச் சந்தோசம்.

சிவபாதத்துக்கு வந்த துள்ளல் கொஞ்சநஞ்சமல்ல. மண்டாடிப் பட்டம் நிலைத்தது, மகளுக்குக் கலியாணம், தோளிலே வலியில்லை. கடற்கரைக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் காவடிச் சிந்து பாடினார்.

ஆவணி பிறந்து ஒரு விடியல். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. கரையிலிருந்து பார்க்கவே கரும்பச்சையாய் ஒரு நிழல் தண்ணிக்குள் ஊர்ந்தது. பாரை மீன் கூட்டம். மகனைக் கேட்காமலே வலையை விடச் சொன்னார் சிவபாதம். ரஜீவன் டிராக்டரை முறுக்க, கயிறு கம்பியாய் விறைத்தது. மடி கிட்ட வர, கதிரையில் இருந்த நிலக்சன் எழும்பினான்.

"இழுக்க வேண்டாம்! அப்பா, இழுக்க வேண்டாம்! உள்ளுக்க ஆக்கள்!"

"பேசுது!" என்று ரஜீவன் இன்னும் முறுக்கினான். "ஆளளவு மீனாம்!"

"ஆக்களடா! சின்னப் பிள்ளையள்! கத்துறது கேக்கேல்லையோ உங்களுக்கு?"

அவன் ஓடினான். மீன் வெட்டுகிற கத்தி ஒன்று பலகையில் கிடந்தது, அதை இழுத்துக்கொண்டு கடலுக்குள் பாய்ந்தான். ஆள் மீன் மாதிரி நீந்துவான், ஒருவரும் பிடிக்க முடியாது. மடியைப் பிடித்து, நெடுக்காய்க் கிழித்தான். கரையில் நின்றவர்களின் கண் முன்னாலே அத்தனை மீனும் வெள்ளி ஆறாய்க் கடலுக்குத் திரும்பிப் போனது. முத்தலிப் இரண்டு கையையும் தலையில் வைத்தார். தம்பிராசா வாயில் வராத தூசணமில்லை. ஆனால் சிவபாதம் பார்த்தது மீனையல்ல. மடி கிழிந்த பிறகும் பெடியன் கரைக்குத் திரும்பவில்லை. கத்தியை விட்டுவிட்டு, வெளிக்கடலைப் பார்த்து, யாரோ கூப்பிட்டதுக்குப் போகிற மாதிரி, அமைதியாய் நீந்திக்கொண்டிருந்தான்.

அந்தத் தோளோடு, அந்த வயதில், சாரத்தை அவிழ்த்தெறிந்துவிட்டு உள்காற்சட்டையோடு சிவபாதம் பாய்ந்தார். "அம்மாளே, உன்ர மீனும் வேண்டாம், சத்தமும் வேண்டாம், அவனில இருந்து எடுத்துப்போடு, பாற்குடம் எடுக்கிறன், அம்மாளே, பாற்குடம்!" ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஒரு பாற்குடம். தண்ணி வாய்க்குள் போகப் போக நேர்த்தி கூடிக்கொண்டே போனது. ஒருவாறு எட்டி அவனுடைய பெனியனைப் பிடித்தார்.

இரண்டு பேரும் மிதந்தார்கள். மகனின் முகம் ஒரு சாண் தூரத்தில். அந்தச் சோளகம் முழுக்க அவனுடைய காதைப் பார்த்தாரே தவிர, முகத்தை இப்படிப் பார்க்கவில்லை. அதில் சாமியுமில்லை, பூதமுமில்லை. பயந்துபோன ஒரு பெடியன் இருந்தான்.

"என்ன சொல்லுது மோனே?" என்றார். பிறகு, என்றைக்குமே கேட்காத ஒன்றைக் கேட்டார். "மீனை விடு. வேற என்ன சொல்லுது?"

நிலக்சன் அவரைப் பிடித்துக்கொண்டான். "மீனைப் பற்றி எப்பவாவதுதான் சொல்லும் அப்பா. மிச்சமெல்லாம் என்னைத்தான். நான் கூடாதவனாம். அம்மா சோத்துக்குள்ள நஞ்சு போடுறாவாம். கடலுக்குள்ள வா, வா எண்டு கூப்பிடுது. கூப்பிட்டுக்கொண்டே இருக்குது. நான் உங்களிட்ட முதலே சொன்னனான்."

"ஓம்" என்றார் சிவபாதம். "சொன்னனீதான்."

கரைக்கு வந்ததும் அவர், "ஆஸ்பத்திரிக்கு" என்றார். ஓட்டோவுக்கு ஆள் அனுப்பப் பொறுமையில்லை. முத்தலிப்பின் லொறி மணலில் புதைந்து கிடந்தது. டிராக்டர்தான் ஓடுகிற நிலையில் நின்றது. பின்பெட்டியைக் கொளுவி, அதற்குள் ஈர வலையை விரித்து, அதில் நிலக்சனை இருத்தி, ஒரு பக்கம் சிவபாதம், மறுபக்கம் சத்தம் கேட்டு ஓடிவந்த பூரணம், ஏறுகிற இடமெல்லாம் வலைக்காரர். லோஜனா ஓடிவந்து தொங்கினாள். தூசணத்தை நிறுத்திவிட்டுத் தம்பிராசாவும் ஏறினார், முத்தலிப்பும் ஏறினார். சேறும் செதிளுமாய் ஒரு திருவிழாத் தேர் நிலாவெளி றோட்டால் போனது.

நகரத்துக்குள் வந்தபோது, றோட்டின் நடுவே மான் கூட்டம் ஒன்று படுத்திருந்தது. திருகோணமலை மான்களுக்கு எந்த ஹோர்னும் காதில் ஏறாது. ரஜீவன் ஹோர்னை அமத்தினபடி நின்றான். மான் ஒன்று எழும்பி வந்து, பெட்டிக்குள் எட்டி, நிலக்சனை மோந்து பார்த்தது. அவன் சிரித்தான். "இது கதைக்கேல்ல" என்றான், பெரிய நிம்மதியோடு. பெட்டி முழுக்கச் சிரித்தது. பூரணம் சிரித்தபடியே முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி இந்தக் கூட்டத்தைப் பார்த்தான். அரைநிர்வாணமாய் ஒரு பெரியவர், தண்ணிக் கண்ணாடியைத் தலையில் மாட்டின ஒருத்தர், மேலெல்லாம் செதிள் ஒட்டின பத்துப் பேர். "இதில ஆர் வருத்தக்காரர்?" என்றான்.

"இப்போதைக்கு இவன்" என்றார் தம்பிராசா. "மிச்சப் பேரைப் பிறகு பாக்கச் சொல்லுவம்."

டொக்டர் மைமூனா இளம் பெண். மீன் நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்காமல் கதிரைகளை இழுத்துப் போட்டார். நிலக்சனோடு தனியாய் நெடுநேரம் கதைத்தார். பிறகு வீட்டாரைக் கூப்பிட்டார். வீட்டார் என்றதும் வலை முழுக்க உள்ளே வந்தது.

"இது எப்ப துவங்கின?"

"இப்ப கொஞ்ச நாளாத்தான் மிஸ்" என்றார் சிவபாதம்.

"கும்பிளா பட்ட அண்டைக்கு" என்றான் ரஜீவன் பின்னாலிருந்து.

"அதுக்கு முதல்" என்றார் தம்பிராசா. எல்லாரும் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கையில் எடுத்து உருட்டினார். "சிவராத்திரிக்கு என்னட்ட வந்தவன். 'மாமா, மிதப்புக் கட்டையள் என்ர பேரைச் சொல்லுது' எண்டவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றார் சிவபாதம்.

"கஞ்சா எண்டு நினைச்சன். பெடியனைக் காட்டிக் குடுக்கிறதே?"

"நான் காதல் எண்டெல்லோ நினைச்சனான்" என்றான் ரஜீவன். "எங்கட சித்தியின்ர மகளைத்தான் சுத்துறான் எண்டு. தனியச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சால் வேற என்னவாம்?"

"தைப்பொங்கலோட சாப்பாட்டைத் தள்ளத் துவங்கினவன்" என்றாள் பூரணம். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கண்ணூறு எண்டு பரிகாரியாரிட்ட நூல் கட்டினனான். ரெண்டு தரம்."

"போன மாரிக்கே" என்றாள் லோஜனா. குரல் கீழே போய்விட்டது. "போன் தன்னைப் பாக்குது எண்டு உடைச்சுக் கிணத்துக்க போட்டவன். எனக்கு முன்னாலதான். அப்பதான் எனக்குச் சம்பந்தம் பேசத் துவங்கின நேரம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

டொக்டர் எழுதினதை வெட்டி எழுதி, வெட்டி எழுதி, கடைசியில் பேனாவை வைத்துவிட்டார். கும்பிளாவில் தொடங்கினது சிவராத்திரிக்கு, பொங்கலுக்கு, மாரிக்கு என்று பின்னால் பின்னால் போய்க்கொண்டேயிருந்தது.

"எனக்கும் தெரியும்" என்றார் முத்தலிப். கதவடியில் நின்றார். "கண்ட முதல் நாளே தெரியும். எங்கட தம்பிக்கும் இப்பிடித்தான் இருந்த. மருந்து குடுத்து இப்ப ஓட்டோ ஓடுறான், ரெண்டு பிள்ளை. சொல்லுவம் எண்டுதான் வந்த நான். வந்து பாத்தா மடி நிறைய மீன். பிறகு சொல்லுவம் எண்டு லொறியை நிரப்பிட்டுப் போய்ட்டன்."

ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டுகிற தகுதியோடு அந்த அறைக்குள் ஒருவரும் நிற்கவில்லை.

"அங்கொடைக்கு அனுப்புவியளோ மிஸ்?" என்று கேட்டார் சிவபாதம். சிறு வயதிலிருந்து வயிற்றுக்குள் கிடந்த பயம் அது. பெரிய மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற அந்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் சல்லியில் ஒருத்தனை ஒருத்தன் வைகிறது.

"ஏன், அங்கயும் கரைவலை போடப் போறீங்களா?" என்று டொக்டர் சிரித்தார். "இங்கயே மருந்து இருக்கு ஐயா. இது மூளைக்கு வாற வருத்தம், சீனி வருத்தம் உடம்புக்கு வாற மாதிரி. வெள்ளன வந்திருந்தா வெள்ளனச் சுகம் வந்திரிக்கும். இப்பவும் வரும். கொஞ்சம் கூட நாள் எடுக்கும்."

அன்றைக்குப் பின்னேரம் நிலக்சன் ஆஸ்பத்திரி வாட்டில் நித்திரையானான். வாய் திறந்து, கை ஒரு பக்கம் தொங்க, குறட்டை விட்டு. பெரும் மடி ஒன்றைக் கரையேற்றிவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி வலைக்காரர் கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தார்கள். மீன் நிறையப் பட்ட நாளில் சொல்லுகிற மாதிரித் தம்பிராசா மெல்லிய குரலில், "நல்ல பாடு" என்றார். நர்ஸ் மிஸ்ஸி வந்து அத்தனை பேரையும் கலைத்தாள்.

அன்றைக்கே சிவபாதத்தின் தோள் வலிக்கத் தொடங்கிவிட்டது. கிழிந்த மடியைத் தைத்துப் பொத்தினார்கள். மீன் பட்ட நாளும் இருந்தது, படாத நாளும் இருந்தது, சரியாய் முன்னைய மாதிரியே. மண்டாடியை மாற்றுகிற கதை திரும்பவும் ஓடியது, ஓடி அலுத்துப்போய் நின்றது. வெருகல் தகப்பன், "அப்ப நான் சட்டையைக் கழட்டினது?" என்று கேட்டுக் கோபித்துக்கொண்டு சம்பந்தத்தை இழுத்தடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மட்டும் ஒரு பை தோடம்பழத்தோடு வந்து நிலக்சனைப் பார்த்துவிட்டுப் போனான். போகும்போது லோஜனாவின் போன் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனான்.

நேர்த்திதான் சிக்கலாய்ப் போனது. ஒன்று சத்தம் நிற்கக்கூடாதென்று வைத்தது, மற்றது நிற்கவேணும் என்று வைத்தது. சிவபாதம் பூரணத்திடம் உண்மையைச் சொன்னார்.

"நிக்கக்கூடாது எண்டோ நேந்தனீங்கள்?" அகப்பையோடு எழும்பினாள். "என்ர பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கிடக்க?"

"தெரியாமல் செய்திட்டன்."

"தெரியாமலோ?"

அவர் பூசாரியிடம் போய்க் கேட்டார். பூசாரி தலையைச் சொறிந்துவிட்டு, "ரெண்டையும் செய்துபோடுங்கோ. அம்மாள் தன்பாட்டில கழிச்சுக்கொள்ளுவா" என்றார். வெள்ளிக் கும்பிளாவைக் காலில் வைத்தார். பாற்குடம் எடுத்தார். கடலுக்குள் எத்தனை குடம் சொன்னார் என்று நினைவில்லாததால் கூட்டியே எடுத்தார். பின்னால் வந்த தம்பிராசா, "மண்டாடி, ஊரில கண்டுக்குட்டியளுக்கு ஊட்ட மாட்டில பாலில்லையாம்" என்றார்.

மாரி தொடங்கக் கடல் கறுத்தது. வேலையில்லாத ஒரு மத்தியானம் தகப்பனும் மகனும் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். நிலக்சன் கொஞ்சம் தடித்திருந்தான். மருந்தால் விரல் இலேசாய் நடுங்கியது. ஊசி கண்ணிக்குள் போக நேரமெடுத்தது. சத்தம் இப்போது தூரத்தில், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எப்போதாவது. மாதத்துக்கு ஒருக்கா கிளினிக், ஆறரை பஸ்.

"அப்பா, நான் காட்டின இடத்தில உண்மையா மீன் நிண்டதோ?"

"நிண்ட நாளும் இருந்தது, நிக்காத நாளும் இருந்தது. நிக்காத நாளை நாங்கள் கணக்கில எடுக்கேல்ல."

"முதல் நாள்?"

"அண்டைக்கு ஆலா விழுந்தது. நானும் கண்டனான்."

நிலக்சன் ஊசியைக் கீழே வைத்தான். "அப்ப என்னைக் கேட்டிருக்கத் தேவையில்லை."

"இல்லை."

பெடியன் சிரித்தான், பிறகு கொட்டாவி விட்டான். விட்டபடியே வலைக் குவியலில் சாய்ந்து நித்திரையாய்ப் போனான். ஒரு ஈ மூக்கில் இருந்தது, அதுவும் அவனை எழுப்பவில்லை. சிவபாதம் அவனுடைய பங்கையும் சேர்த்துப் பொத்தத் தொடங்கினார். தோள் கிறீச்சியது. அம்மனுக்குக் கொடுக்கவேண்டியது இரண்டும் கொடுத்தாயிற்று. மகனுக்கு, அவன் இழந்த ஒரு சோளகத்து நித்திரையைத் திருப்பிக் கொடுக்கவேணும். அது இன்னும் கொடுபடவில்லை.